நெருக்கமான தெருவில் பத்தடிப் பள்ளம்: பக்கத்து வீடு அசையாமல் மண்ணைத் தாங்கி நிறுத்தும் முழு வழிகாட்டி

"நம்ம செம்மண்ணுங்க, செவுரு மாதிரி நிக்கும்." கிருஷ்ணகிரி பழையபேட்டையிலோ தருமபுரி குமாரசாமிப்பேட்டையிலோ கடைக் கட்டடத்துக்குப் பள்ளம் எடுக்கும் இடத்தில் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. பேச்சில் பொய்யும் இல்லை. மேலே செம்மண், அதன் கீழ் மொரம்பு, அதற்கும் கீழே உக்கிய பாறை என்று இருக்கும் நம் நிலத்தில் பத்தடி செங்குத்தாக வெட்டினால் வெயில் காலத்தில் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதை நிறுத்தி வைத்திருப்பது மண்ணின் சொந்த பலம் மட்டுமல்ல. துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்ச ஈரத்தின் இழுவிசையும் சேர்ந்தது. மழை இறங்கி மண் ஊறியதும் அந்த இழுவிசை போய்விடும். மூன்று வாரம் நின்ற வெட்டு ஒரே இரவில் சரிவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் பேஸ்மட்டம் என்றால் தரைக்கு மேல் எழுப்பும் பீடம். இங்கே பேசுவது தரைக்குக் கீழே போகும் செல்லார் பற்றி. எடுத்துக்காட்டாக 30-க்கு 60 அடி மனை, 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர் ஆழம். இடப்பக்கம் எல்லையை ஒட்டி பழைய ஓட்டு வீடு, வலப்பக்கம் இரண்டு மாடி வீடு, முன்னால் நகராட்சிச் சாக்கடையும் சாலையும்.

தோண்டும் முன் பக்கத்து வீட்டுக்குள் போங்கள்

முதல் வேலை உங்கள் மனையில் இல்லை, பக்கத்து மனையில். இரு வீட்டாரிடமும் சொல்லிவிட்டு, சுவர், தரை, கூரை என்று அறை அறையாகப் படம் எடுங்கள். இருக்கும் விரிசல் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, நீளமும் அகலமும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பின்னால் வரும் தகராறில் பாதி இந்த ஒரு தாளால் அடங்கும். அண்டை நிலத்தின் மண் தரும் இயற்கையான தாங்கலைப் பெறும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் நில உரிமையாளருக்குத் தருகிறது. ஆகவே "என் இடத்தில் நான் தோண்டுகிறேன்" என்ற வாதம் எடுபடாது.

அடுத்து அவர்கள் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று கண்ணால் பாருங்கள். உங்கள் பக்கத்தில் இரண்டடிக்கு இரண்டடி குழி, கையால் மட்டும். பழைய ஓட்டு வீடுகளுக்குப் பெரும்பாலும் சேற்றில் அடுக்கிய கருங்கல் கடக்கால்தான்; இரண்டு மூன்று அடியில் முடிந்துவிடும். அஸ்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து 45 பாகையில் கீழ்நோக்கி ஒரு கோடு இழுங்கள். உங்கள் பள்ளம் அந்தக் கோட்டை வெட்டினால் அந்த வீட்டின் எடையும் உங்கள் சுவர் மேல்தான். எல்லையை ஒட்டி மூன்றடிக் கடக்கால் இருக்க நீங்கள் பத்தடி இறங்கினால், கோடு கட்டாயம் வெட்டுப்படும்.

பிறகு தண்ணீர் எங்கிருந்து வரும் என்று தேடுங்கள். எல்லை ஓரத்து செப்டிக் டேங்க், அதன் உறிஞ்சுகுழி, சாலையோரம் போகும் குடிநீர்க் குழாய், விரிசல் விட்ட சாக்கடை. மழையே இல்லாத மாசி, பங்குனியிலும் பள்ளத்தின் ஒரு மூலை மட்டும் ஈரமாக இருந்தால் இவற்றில் ஒன்றுதான் காரணம். பக்கத்து வீட்டு உறிஞ்சுகுழி எல்லையிலேயே இருந்தால், வேலை முடியும்வரை அதை மூடி மாற்று ஏற்பாடு செய்து தருவதும் உங்கள் செலவில் சேரும். முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தூர்ந்த கிணறு. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த மனைகளில் கிணற்றைக் குப்பையும் கட்டட இடிபாடும் போட்டு மூடியிருப்பார்கள். எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடத்தில் கிணறு குறித்திருக்கிறதா என்று பாருங்கள். தெருவில் இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். கிணற்றின் மேல் தாங்கு அமைப்பின் ஒரு பகுதி விழுந்தால், மற்ற இடத்துக்குப் போட்ட கணக்கு அங்கே செல்லாது.

மண் சோதனையில் குண்டுக்கல் செய்யும் ஏமாற்று

சிறிய மனையானாலும் குறைந்தது இரண்டு போர் (சோதனைத் துளை) போடுங்கள், குறுக்கு மூலைகளில். ஆழம், எடுக்கப்போகும் பள்ளத்தைப் போல இரண்டு மடங்கு. நம் மாவட்டங்களின் கிரானைட், நைஸ் பாறை எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் உக்குவதில்லை. உக்கிய மொரம்புக்குள் உக்காத உருண்டைகள் புதைந்து கிடக்கும். மண்ணின் கெட்டித்தன்மையை அடித்துப் பார்க்கும் எஸ்.பி.டி. சுத்தியல் அந்த உருண்டையில் மோதியதும் 'பாறை வந்துவிட்டது' என்று எழுதி நிறுத்துவார்கள். நான்கடி தள்ளிப் பார்த்தால் அதே ஆழத்தில் வெறும் மண். அதனால் கல் தட்டியதும் நிறுத்தாமல் 3 மீட்டருக்கு கோர், அதாவது துளைத்தெடுக்கும் கல் உருளை, எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டரில் மறுபடி மண் வந்தால் அது குண்டுக்கல்.

கரிசல் பாங்கான களிமண் வந்தால் இந்த வழிகாட்டியின் எண்களை அப்படியே எடுக்காதீர்கள். ஈரத்தில் உப்பும் மண்ணுக்குக் கணக்கு தனி.

மண் எவ்வளவு தள்ளும், தண்ணீர் எவ்வளவு தள்ளும்

மொரம்பு கலந்த செம்மண்ணுக்கு எடை கனமீட்டருக்கு 1.8 டன், உராய்வுக் கோணம் 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். சற்றே நகரக்கூடிய சுவரின் மேல், செங்குத்து அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் வரும். 3 மீட்டர் ஆழத்துக்கு, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 2.7 டன் தள்ளுவிசை. பின்னால் ஓட்டு வீட்டின் எடையைச் சதுர மீட்டருக்கு 1 டன் என்று சேர்த்தால் இன்னொரு 1 டன். இரண்டு மாடி வீட்டுப் பக்கம் அது 2 டன் ஆகும்.

இப்போது அதே சுவருக்குப் பின்னால் தண்ணீர் மேல்மட்டம்வரை தேங்கட்டும். நீரில் மூழ்கிய மண்ணின் எடை பாதியளவுக்குக் குறைவதால் மண்ணின் பங்கு 1.5 டன்னாக இறங்கும். ஆனால் தண்ணீர் தன் பங்குக்கு 4.5 டன் தள்ளும். மொத்தம் 6 டன், காய்ந்த நிலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதை விபரீதக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

ஆழத்தைக் கூட்டும் ஆசை வரும்போது இதையும் பாருங்கள்: 3 மீட்டரை 4 மீட்டர் ஆக்கினால் ஆழம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. சுவரின் அடியில் வரும் வளைப்பு, அதாவது பெண்டிங் மொமெண்ட், 2.4 மடங்காகிறது.

எந்த முறை

இடம் இருந்தால் சரிவாக வெட்டுவதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் பத்தடிக்கு ஒன்றுக்கு ஒன்று சரிவு விட்டால் பக்கத்துக்குப் பத்தடி போய்விடும். 30 அடி மனையில் மிஞ்சுவது பத்தடி. பின்பக்கம் மட்டும் இது பொருந்தலாம்.

மண்ணுக்குள் கம்பி செலுத்தி வலையடித்து கான்கிரீட் பீச்சும் சாயில் நெயிலிங் செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனால் பள்ள ஆழத்தில் முக்கால் பங்கு நீளத்துக்குக் கம்பி பின்னால் போகும். அந்த இடம் பக்கத்து வீட்டுக்காரருடையது. எழுத்து மூலம் சம்மதம் இல்லாமல் ஒரு கம்பிகூடச் செலுத்தக் கூடாது. சம்மதமே கிடைத்தாலும் அவர் போர்வெல் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

தரைக்குள் தூண் இறக்கத் துளை போடும் பெரிய பைல் ரிக் இந்தத் தெருக்களில் திரும்பாது. ஆக, நம் மனைக்குப் பெரும்பாலும் பொருந்துவது மைக்ரோ பைல், அதாவது சிறு துளையில் இரும்புக் குழாய் இறக்கி சிமென்ட் கரைசல் நிரப்பும் தூண். போர்வெல் போடும் அதே டி.டி.எச். (துளைக்குள் இறங்கி அடிக்கும்) சுத்தியல்தான் துளை போடுகிறது. குண்டுக்கல் வந்தாலும் அதையும் துளைத்துக்கொண்டு போகும்.

மைக்ரோ பைல் வரிசை, நெருக்கமாக

துளை 165 மி.மீ., அதாவது போர்வெல்காரர்கள் ஆறரை அங்குலம் என்று சொல்வது. உள்ளே 114 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஹெவி வகை இரும்புக் குழாய். இடைவெளி 450 மி.மீ.; 60 அடி நீளப் பக்கத்துக்கு 41 துளை. பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மண்ணில் 3 மீட்டர், கெட்டிப் பாறையானால் 1.5 மீட்டர் இறங்க வேண்டும்.

துளையின் மையம் பக்கத்துச் சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி தள்ளி விழும். இயந்திரத்தின் தலை அதற்குமேல் நெருங்காது. இரு பக்கமும் சேர்த்து மூன்று நான்கு அடி இடம் போவதைப் பார்த்து மனைக்காரர் மனம் புழுங்குவார். வரைபடத்திலேயே இதைக் காட்டிவிடுவது நல்லது. துளை போடும் நாளில் சொன்னால் சண்டைதான்.

லாரி மேல் இருக்கும் போர் வண்டி வேண்டாம். அதன் எடையே பக்கத்துக் கடக்காலை அசைக்கும். சங்கிலிச் சக்கரத்தில் நகரும் சிறிய ரிக்கைக் கேளுங்கள். கம்ப்ரஸர் காற்று இன்னொரு ஆபத்து. மேல்மண் தளர்வாக இருந்தால் காற்று துளைவழியே மேலே வராமல் பக்கவாட்டில் புகுந்து, பக்கத்து வீட்டுத் தரையைத் தூக்கும், அடிமண்ணைக் கிளறும். மேல் மூன்று மீட்டருக்குக் கேசிங் (காப்புக் குழாய்) இறக்கிக்கொண்டே துளைக்க வேண்டும். அடுத்தடுத்த துளைகளை ஒரே நாளில் போடாதீர்கள். 1, 4, 7 என்று தாண்டிப் போட்டு, கிரவுட் (துளையில் ஊற்றும் சிமென்ட் கரைசல்) இறுகிய பின் 2, 5, 8-க்கு வாருங்கள்.

சிமென்ட் கிரவுட்டில் தண்ணீர், சிமென்ட் எடையில் 0.45 முதல் 0.5 பங்கு, 50 கிலோ மூட்டைக்கு 22 முதல் 25 லிட்டர். அடியிலிருந்து டியூப் வழியாக ஊற்றி, மேலே சுத்தமான கிரவுட் வழியும்வரை நிறுத்தக்கூடாது. துளையின் கொள்ளளவைவிட இரண்டு மடங்கு கிரவுட் குடித்தால் அங்கே பொந்தோ பழைய கிணறோ இருக்கிறது, நிறுத்திப் பாருங்கள்.

பைல்களின் தலையை இணைக்கும் கேப்பிங் பீம், 300-க்கு 400 மி.மீ., எம் 25 தரக் கான்கிரீட்.

இனி, பலர் வழுக்கி விழும் இடம். இந்தக் குழாய் வரிசை தனியாகவே மண்ணைத் தாங்கும் என்று நினைத்து ப்ராப்பை, அதாவது எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே கொடுக்கும் குறுக்குத் தாங்கலை, மிச்சப்படுத்துவார்கள். கணக்கைப் பாருங்கள். ஓட்டு வீட்டுப் பக்கம் பள்ள அடிமட்டத்தில் வரும் பெண்டிங் மொமெண்ட் மீட்டருக்கு 4.2 டன்-மீட்டர், 450 மி.மீ.க்கு ஒரு பைல் என்றால் பைலுக்கு 1.9. அந்தக் குழாய் தாங்குவது சுமார் 0.7. மேலே ஒரு ப்ராப் கொடுத்தால் பைலுக்கு 0.64 ஆகிறது, அதுவும் பள்ளத்தின் அடியில் மண் உறுதியாகப் பிடித்தால். எல்லைக்கோட்டில் நிற்கும் எண் இது. அடிமண் தளர்வாக இருந்தாலோ இரண்டு மாடி வீட்டுப் பக்கமோ, இடைவெளியை 300 மி.மீ.க்குக் குறைக்கவோ இரண்டாவது வரிசை ப்ராப் போடவோ வேண்டும். ப்ராப் இல்லாத மைக்ரோ பைல் வரிசை, மூன்று மீட்டர் ஆழத்தில் வெறும் வேலிதான்.

ப்ராப்புக்கு 168 மி.மீ. வெளிவிட்டக் குழாய், 3 மீட்டருக்கு ஒன்று, ஒரு கேப்பிங் பீமிலிருந்து எதிர் பீமுக்கு. காய்ந்த மண்ணில் ஒவ்வொன்றிலும் ஏறும் சுமை 4 டன் சொச்சம். மழை, பொக்லைன் இடிபடுதல் எல்லாம் சேர்த்து 10 டன்னுக்கு வடிவமைக்கச் சொல்லுங்கள். 30 அடி நீளக் குழாய் தன் எடையிலேயே தொய்யும். நடுவில் ஒரு தாங்கல் வேண்டும். முனையில் ஆப்பு இறுக்கி, இறுக்கிய ஆப்பைப் பற்றவைத்து விடுங்கள்.

மண் எடுக்கும் வரிசை

மொத்த மண் 18,000 கன அடி, அதாவது 180 யூனிட். தோண்டினால் கால் பங்கு உப்பும். 225 யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் 75 நடை. பகலில் தெரு இதைத் தாங்காது என்பதால் இரவில் ஓட்டுவார்கள். எடுத்த மண்ணை விளிம்பில் குவிப்பதுதான் முதல் தப்பு. ஒரு மீட்டர் உயரக் குவியல், பக்கத்து ஓட்டு வீட்டைவிட அதிக எடையை உங்கள் சுவர் மேல் ஏற்றும். டிப்பரும் ஜல்லியும் செங்கல்லும் விளிம்பிலிருந்து பள்ள ஆழமளவு தள்ளியே நிற்கட்டும்.

முதலில் நான்கடி இறங்கி ப்ராப் போடுங்கள். ப்ராப் இல்லாமல் அதற்குக் கீழே ஒரு பக்கெட்கூட வேண்டாம். பிறகு நடுவில் முழு ஆழம். ஓரங்களில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மண்ணை அணையாக விட்டு வைக்க வேண்டும். கடைசியில் அந்த அணையை நான்கடி நான்கடியாக, ஒன்று விட்டு ஒன்று வெட்டுங்கள். வெட்டிய அன்றே பைல்களுக்கு நடுவில் வெல்டு மெஷ் வைத்து 75 மி.மீ. கான்கிரீட் பீச்சி, அடியில் 100 மி.மீ. கம்பியில்லாக் கான்கிரீட்டை (பி.சி.சி.) பைல் வரிசையை முட்டும்படி போட வேண்டும். அந்த பி.சி.சி. அடியில் ஒரு ப்ராப் மாதிரி வேலை செய்யும். "நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று விட்ட பகுதியில்தான் பைல்களுக்கு நடுவிலிருந்து மண் உதிரும். உதிர்ந்த மண்ணுக்குப் பின்னால் பொந்து, பொந்துக்கு மேலே பக்கத்து வீட்டுத் தரை.

பீச்சிய கான்கிரீட்டில் ஐந்தடிக்கு ஒன்றாக 50 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு, உள்முனையில் ஜியோடெக்ஸ்டைல் துணி கட்டி, வெளியே சற்றுச் சரிவாக. துணி இல்லாமல் வைத்தால் தண்ணீரோடு நுண்மண்ணும் வந்துகொண்டே இருக்கும். வடிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் நிம்மதி. கலங்கி வந்தால் அன்றே காரணம் தேடுங்கள்.

ஐ.எஸ். 3764 விதிநூல்படி, மண்ணில் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும் குழிக்குத் தாங்கல் வேண்டும். ஐந்தடிக் குழாய்க் குழியிலும் ஆள் புதைந்து இறக்கிறார்.

பாறை வந்தால் நகருக்குள் வெடி நினைப்பே வேண்டாம். பிரேக்கர் பொருத்திய பொக்லைன் அதிர்வும் சேற்றுக் கடக்கால் வீட்டுக்கு ஆகாது. எல்லையிலிருந்து ஐந்தாறு அடிக்குள் வரிசையாகத் துளை போட்டு, விரியும் சிமென்ட் தூளைக் கரைத்து ஊற்றுங்கள். அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் பாறை சத்தமின்றி பிளக்கும். ஊற்றிய துளைக்கு மேல் குனிந்து பார்க்கக் கூடாது. வெயில் நாளில் அது பீறிட்டுக் கண்ணில் அடிக்கும்.

விரிசலும் அளவும்

பக்கத்து வீட்டு விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை பிளாஸ்டர் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். கேப்பிங் பீமில் ஐந்து ஆணி அடித்து, தினம் காலை ஒரே ஆள் ஒரே நேரத்தில் அவற்றின் நகர்வை அளக்கட்டும். மூன்று மீட்டர் பள்ளத்துக்கு 6 மி.மீ. நகர்வு வந்தால் கவனம், 10 மி.மீ. வந்தால் வேலையை நிறுத்தி, சுவரின் அடியில் மண்ணை மறுபடி குவியுங்கள். அழகான தீர்வு இல்லைதான். ஆனால் வேகமானது இதுதான், இரவு பதினொரு மணிக்கும் பொக்லைனால் செய்ய முடிவது இதுதான். அதனால் கடைசி நடை மண்ணை ஊருக்கு வெளியே அனுப்பாமல் இருபது யூனிட்டாவது பக்கத்தில் எங்காவது வைத்திருங்கள்.

எண்ணைவிட முந்திப் பேசும் அறிகுறிகளும் உண்டு: பக்கத்து வீட்டுக் கதவு திடீரென இழுபடுவது, எல்லைக்கு இணையாகத் தரையில் முடி போன்ற கோடு, ப்ராப் ஆப்பு கையால் தட்டினால் ஆடுவது. மழைக்கு முன் அந்தக் கோட்டைச் சிமென்ட் பால் ஊற்றி அடைத்து, விளிம்பைச் சுற்றி அரையடி வரப்புக் கட்டி, ஓட்டுக்கூரைத் தண்ணீரைக் குழாய் போட்டுத் தெருவுக்குத் திருப்புங்கள். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத் தண்ணீர் நேராக உங்கள் பைல் வரிசைக்குப் பின்னால்தான் விழும். அதை யாரும் முதல் மழைவரை கவனிப்பதில்லை. வேலையைத் தை மாதம் தொடங்கி வைகாசிக்குள் தரைமட்டத்துக்கு வந்துவிடப் பாருங்கள்.

நிரந்தரச் சுவர்

மேலும் கீழும் தளங்கள் பிடித்திருக்கும் செல்லார் சுவர் நகராது. நகராத சுவருக்கு மண் தருவது மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் அல்ல, பாதி. 2.7 டன் இங்கே 4.05 டன். பொறியாளர் எந்தக் கணக்கு எடுத்தார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ராஃப்டோடு (முழு அடித்தளக் கான்கிரீட் பலகை) சேர்த்து ஆறு அங்குலக் கிக்கர் (சுவரின் தொடக்கக் கட்டை) ஒரே வார்ப்பில். அதில் நீர் கசியாமல் தடுக்கும் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப்பர் பட்டை நிமிர்ந்து நிற்க, கம்பியில் கட்டி வைக்க வேண்டும். மடங்கிய ஸ்டாப்பர் கசிவுக்கு வழிகாட்டி. சென்ட்ரிங் ஒரு பக்கம்தான் அடிக்க முடியும் என்பதால் பச்சைக் கான்கிரீட்டின் தள்ளல் முழுவதும் அந்தப் பலகை மேல். மூன்று மீட்டரை ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் சதுர மீட்டருக்கு 7 டன்னுக்கு மேல். ஒன்றரை மீட்டராக இரண்டு முறை ஊற்றுங்கள். ப்ராப் சுவரைத் துளைத்துப் போகும் இடங்களில் சதுரத் துளை விட்டு, பின்னால் சுருங்காத கிரவுட் வைத்து அடைக்க வேண்டும். கசிவு வந்தால் முதலில் இந்தத் துளைகளைத்தான் பாருங்கள்.

பைல் வரிசைக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விட்டிருந்தால் அதில் வெட்டிய செம்மண்ணைக் கொட்டாதீர்கள், 20 மி.மீ. ஜல்லி, அடியில் துளையிட்ட 110 மி.மீ. குழாய், துணி சுற்றி சம்ப்புக்கு (நீர் சேரும் குழி).

ப்ராப்பும் பம்ப்பும்

இரண்டையும் அவசரப்பட்டு எடுப்பதுதான் வழக்கம். செல்லாரை மூடும் தளம் வார்த்து, கான்கிரீட் உரிய பலம் பெற்றபின் ப்ராப்பைத் தளர்த்துங்கள். ஒரு நாளைக்கு ஒன்று விட்டு ஒன்று, அளவு பார்த்துக்கொண்டே. பம்ப்புக்கு வேறு கணக்கு. நிலத்தடி நீர் ராஃப்டின் அடிக்கு மேல் ஒரு மீட்டர் ஏறினால் சதுர மீட்டருக்கு 1 டன் மேல்நோக்கித் தள்ளும், 300 மி.மீ. ராஃப்டின் எடையோ 0.75 டன். மேலே சுவரும் தளமும் ஏறி அந்த வித்தியாசத்தைத் தாண்டும்வரை சம்ப் பம்ப் ஓட வேண்டும், மின்தடைக்கு ஜெனரேட்டரும் டீசலும் மனையிலேயே இருக்க வேண்டும்.